பிரஷ்ஷா, கட்டையா?

“காலையிலேர்ந்து ஒரு மரக்கட்டையை வச்சுக்கிட்டு என்னம்மா ஆராய்ச்சி? ஏசுநாதர் சிலுவையிலேர்ந்து வெட்டினதா அது?”

திஹோமிர் போட்ட சத்தத்தில் சுங்க அலுவலக வரிசையே சிரித்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மிலுங்கா மட்டும் சிரிக்கவில்லை. இருபது வருஷமாக அந்த நாற்காலியைத் தேய்க்கிறாள். அவள் எதற்காவது சிரித்துப் பார்த்ததாக மொராவா ஆற்றின் இரு கரையிலும் ஒரு சாட்சி கிடையாது.

திஹோமிர் சுங்கத் தரகன். அவனுடைய லாரிக்கு முன்னால் வழியை அடைத்துக்கொண்டு நின்றது, பிரஷ் பட்டறை முதலாளி ராதிசாவின் கண்டெய்னர். சீனாவிலிருந்து வந்த மரச் சாமான். அது நகர்ந்தால்தான் இவன் நகர முடியும். ஆனால் அவன் கத்தியது அதற்காக மட்டும் இல்லை. ராதிசாவ் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்த பெரியவரைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பாவமாக இருந்தது.

பெரியவர் பெயர் ஓப்ராத். இரண்டு கண்ணும் தெரியாது. ராதிசாவின் பட்டறையில் வேலை செய்யும் பதினைந்து பேருக்குமே பார்வை கிடையாது. முப்பது வருஷமாக அங்கே பிரஷ் கட்டையில் நார் கோத்தவர் ஓப்ராத். நாலு மாதமாகப் பட்டறை பூட்டிக் கிடக்கிறது. கட்டை வந்துவிட்டால் திங்கட்கிழமை திறந்துவிடலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் பெரியவர் கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“மேடம், மனசாட்சியோட பேசுங்க,” என்றார் ராதிசாவ். “ஓட்டை போட்ட வெறும் கட்டை. வரிப் பட்டியல்ல நாற்பத்து நாலு பதினேழுங்கிற எண்ணுல எழுதினா முடிஞ்சுது. பிரஷ்ஷா ஆக்கப்போறது இவங்க கைதானே?”

“செஞ்சு முடிச்ச பிரஷ்ஷா இருந்தா தொண்ணூத்தாறு மூணு. வரி மூணு மடங்கு,” என்றாள் மிலுங்கா. “எல்லாப் பெட்டியும் பிரிக்கணும்.”

“ஆயிரத்து இருநூறு பெட்டிம்மா!”

“பிரிக்கணும்.”

ராதிசாவ் ஒரு காப்பிப் பொட்டலத்தையும் சாக்லேட் டப்பாவையும் ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார். அவள் பேனா நுனியால் அப்படியே வெளியே தள்ளினாள்.

“பத்தாதாம்!” என்று திஹோமிர் வரிசையைப் பார்த்துச் சொன்னான். “பன்னித் தொடை ஒண்ணு முழுசா வைக்கணும் போல!”

மறுபடியும் சிரிப்பு.

“சத்தம் போடாதீங்க தம்பி,” என்றார் ஓப்ராத். “அந்தம்மா வேலையை அந்தம்மா பாக்கிறாங்க.”

“உங்க வயித்துல அடிக்கிறா, அவளுக்குப் போயி நீங்க பரிஞ்சு பேசுறீங்களே ஐயா!”

மிலுங்கா எழுந்து வெளியே வந்தாள். கையில், மாதிரிக்கு எடுத்து வைத்திருந்த கட்டை. அதைப் பெரியவரின் கையில் வைத்தாள்.

“பெரியவரே, இதுல எப்படி நார் கோப்பீங்க? கொஞ்சம் சொல்லுங்க.”

“கண்ணு தெரியாதவருக்குப் பரீட்சை வேறயா?” திஹோமிருக்கு ரத்தம் கொதித்தது. “நீயெல்லாம் ஒரு பொம்பளையா? நெஞ்சுல கொஞ்சங்கூட ஈரமே கிடையாதா உனக்கு?”

ஓப்ராத் கட்டையைத் தடவினார். நாலு மாதம் கழித்துக் கைக்கு வந்த கட்டை. முகமெல்லாம் பூரித்துப் போனது. ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

“நல்லாக் காஞ்ச மரம்மா. ஆனா ஓட்டை அந்தப் பக்கம் வரலியே! பின்னாலேர்ந்து கம்பி விட்டு இழுத்தாத்தானே நார் நிக்கும்? இது மிஷின் குத்துற கட்டை. எங்க கைக்கு ஆகாது.” ராதிசாவ் நின்றிருந்த பக்கம் திரும்பினார். “முதலாளி, சீனாக்காரன் உங்களை நல்லா ஏமாத்திட்டான்.”

முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர ஆரம்பித்திருந்தார்.

“உள்ளே இருக்கிற பெட்டியில சரியான கட்டை இருக்கும். பிரிச்சுப் பாருங்கம்மா,” என்று பெரியவரே சிபாரிசு செய்தார்.

“நானே பிரிக்கிறேன்,” என்று கண்டெய்னருக்குள் ஏறினான் திஹோமிர். இவளை இன்றைக்கு நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று அவனுக்கு ஒரு வேகம்.

முதல் வரிசைப் பெட்டிகளில் கட்டைதான். இரண்டாவது வரிசையிலும் கட்டைதான். “பாத்தியாம்மா? நல்லாப் பாரு!” என்று அங்கிருந்தே கத்தினான். மூன்றாவது வரிசைப் பெட்டியைக் கிழித்தவன் அதற்குப் பிறகு கத்தவில்லை.

தரை தேய்க்கும் பிரஷ்கள். அடர்த்தியாக நார் குத்தி, ஓரம் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை சுற்றிக் கடைக்குத் தயாராக இருந்தன. அடுத்த பெட்டியிலும் அதுவே. அதற்கடுத்த பெட்டியிலும் அதுவே.

மிலுங்கா பேனாவை எடுத்தாள். தாளில் எழுதியிருந்த எண்ணை அடித்துவிட்டு வேறு எண்ணை எழுதினாள். இவ்வளவு நேரம் பல்லைக் காட்டிய வரிசை இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசல் பக்கம் ராதிசாவைக் காணோம்.

“ஒண்ணு குடுங்க தம்பி,” என்று கையை நீட்டினார் ஓப்ராத்.

திஹோமிர் கொடுத்தான். பெரியவர் நாரைத் தடவிப் பார்த்தார்.

“செஞ்சேதான் வந்திருக்கு,” என்றார் மெதுவாக. “அப்போ திங்கட்கிழமை எங்களுக்கு வேலை இல்லை.”



அவருடைய விரல் நாரை விட்டு அட்டைக்குப் போய் நின்றது.

“வழவழன்னு ஏதோ ஒட்டியிருக்கே தம்பி, என்ன அது?”

திஹோமிர் குனிந்து பார்த்தான். 

“உங்க போட்டோதான் ஐயா. கீழே, ‘இதை என் கையால் செய்தேன், ஓப்ராத்’னு அச்சடிச்சிருக்கு.”