நற்சான்று

"அந்த வீடும் கைவிட்டுப் போச்சு" என்று கணவன் போனைத் தூக்கி மெத்தையில் போட்டான். "நேத்து வரைக்கும் சரின்னுதான் சொன்னாங்க."

"நம்ம மூஞ்சியில என்னதான் எழுதி ஒட்டியிருக்கு?" அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிழைக்க வந்த நாட்டில் வேறு வீடு கிடைக்க, இப்போதைய வீட்டுக்காரர், போனில் விசாரிக்கும் புது வீட்டுக்காரரிடம் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். கீழே குடியிருக்கும் அவரோ தங்கமானவர். "நல்லவிதமாத்தாம்மா சொன்னேன்" என்பார் ஒவ்வொரு முறையும். ஆனாலும் இந்த ஒழுகும் கூரையை விட்டு நகர முடியவில்லை.

அடைத்துக்கொண்ட பாத்ரூம் குழாயைக் கணவனே சரிசெய்துவிட்டான். ஆள் அனுப்ப வேண்டாம் என்று சொல்ல அவள் கீழே இறங்கினாள். வீட்டுக்காரர் போனில் இருந்தார்.

"அவங்களா? வேண்டாங்க. ராத்திரி பூரா சண்டை. வீட்டையே குப்பைமேடா ஆக்கிட்டாங்க."

திரும்பியவர் அவளைப் பார்த்து அசடு வழிந்தார். "கோவிச்சுக்காதம்மா. ஒரு சத்தம் கிடையாது, ரிப்பேரையும் நீங்களே பாத்துக்கறீங்க. இப்படி ஒரு குடித்தனம் எனக்கு எங்க கிடைக்கும்?"

அவள் மேலே வந்தாள். குதித்து விளையாடிய பிள்ளைகளைக் கணவன் அதட்டிக்கொண்டிருந்தான். "மெதுவா, கீழ கேக்கும்."

"விடுங்க, நல்லா குதிக்கட்டும்" என்றாள். "இவங்க தொலைஞ்சா போதும்னு அவரே நம்மளை வாயாரப் புகழணும்."