கேமராவின் மேல் ஒரு பொட்டு

மஸ்கட்டில் குணசேகரன் கையிலிருந்த போனின் திரை முழுக்கக் கருஞ்சிவப்பாக இருந்தது. ஊரில் மகள் நித்திலா தன் போன் கேமராவின் மேல் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டியிருந்தாள். தெரியாத நம்பரிலிருந்து வீடியோ கால் வந்தால் அப்படி ஒட்டச் சொன்னது அவன்தான். “அப்பாதாம்மா. என் போன் உடைஞ்சிடுச்சு, ரூம்ல இருக்கிறவர் போன்லேருந்து பேசறேன். பொட்டை எடு, உன்னைப் பாக்கணும்.” “உங்க முகம் தெரியுது. ஆனா முகம், குரல் எல்லாத்தையும் இப்பப் போலியா பண்றாங்கன்னு அப்பா சொல்லியிருக்காரு. வீட்டு ஆளுக்கு மட்டும் தெரிஞ்சதைக் கேக்கணுமாம்.” போன மாதம் மஸ்கட்டிலிருந்து அவன் பேசி அனுப்பிய வார்த்தைகள் அவை. பெருமையாக இருந்தது. “கேளு,” என்றான். “எங்க பூனை பேரு என்ன?” வீட்டில் பூனை இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவளுடைய பிறந்தநாளைச் சொன்னான். “அது ஐடி கார்டுலயே இருக்கு.” அம்மாவைக் கூப்பிடச் சொன்னான். “வேலைக்குப் போயிருக்காங்க. பேரைச் சொல்லுங்க.” சிவப்புக்குப் பின்னால் பூனை கத்தியது. பெயர் வாய்தவறி வந்துவிடாமல், “உஷ்” என்று மட்டும் அதை அடக்கினாள். குணசேகரன் காத்திருந்தான். பூனை மறுபடி கத்தவில்லை. “பதில் தெரியலைன்னா என்ன பண்ணச் சொன்னாரு உங்கப்பா?” என்று கேட்டான். “உடனே கட் பண்ணிடணும்.” “அப்ப பண்ணிடும்மா.” அந்தச் சிவப்பு இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.