ஒரு நிமிட அமைதி

மனதைக் குலைக்கும் திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் குலசேகரன் எல்லாப் படத்திலும் ஒரு நிமிடம் அமைதி வைப்பார். ஒன்றுமே நடக்காது. அதற்கே ஜனம் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். படப்பிடிப்பு நடந்த இடத்தின் அமைதியைப் பதிந்து சேர்ப்பதுதான் வழக்கம். இவரோ தன் வீட்டு அறையில் என்றோ பதிந்த அமைதியைக் கொண்டுவந்து கொடுப்பார்.

புதிதாகச் சேர்ந்த ஒலிப்பதிவாளர் சகாயராணி ஹெட்போனைக் கழற்றினாள். “சார், இதுல யாரோ மூச்சு விடுற சத்தம் கேக்குது. எடுத்துடட்டுமா?”

“வேணாம்மா. எம்பொண்ணு தூங்குறா.”

மகள் இறந்து பதினொரு வருடம் என்பது அவளுக்குத் தெரியும். அந்த மூச்சுச் சத்தத்தைத் தொடாமல் விட்டாள்.

படம் வெளியான அன்று, முதல் காட்சியில் அந்த மூச்சு கேட்டதும் அரங்கமே அலறியது. கடைசி வரிசையில் குலசேகரன் பதறி எழுந்து கையமர்த்தினார்.

“மெதுவாங்க, மெதுவா... புள்ள முழிச்சுக்கப்போறா.”