வாரத்துக்கு ரெண்டு தப்பு

"பதினோரு தப்பு. படிச்சுப் பார்த்துட்டுத்தான் அச்சுக்கு அனுப்பினியா?"

எடிட்டர் கடிதத்தை மேஜையில் தள்ளிவிட்டார். எதிரே உதவி எடிட்டர் நின்றுகொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. இன்னும் நிரந்தரமாகவில்லை.

வாரப் பத்திரிகையில் ஓடிக்கொண்டிருந்த ராணுவக் காதல் தொடர் அவள் பொறுப்பு. அதற்கு வரும் கடிதங்களில் பாதி, 'சல்யூட் எப்படி அடித்தால் எனக்கென்ன, கேப்டன் உயிரோடு திரும்புவாரா, அதைச் சொல்லுங்கள்' என்று கேட்டன. ஒன்று மட்டும் செவ்வாய்தோறும் ஓய்வு பெற்ற ஒரு சார்ஜென்ட்டிடமிருந்து வந்தது. தப்புகளுக்கு வரிசை எண் போட்டு வந்தது.

"வாசி," என்றார் எடிட்டர்.

"ஒன்று. கேப்டன் தொப்பி இல்லாமல் சல்யூட் அடிக்கிறார். எங்கள் படையில் அது வழக்கமே இல்லை. இரண்டு. ஓடுகிற டாங்கிக்குள் காதலியின் காதில் கிசுகிசுக்கிறார். அதற்குள் தொண்டை கிழியக் கத்தினாலே கேட்காது. மூன்று. டாங்கிக்குள் காதலிக்கு என்ன வேலை?"

வேறு சமயமாக இருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

"முதலாளி காதுவரைக்கும் போயிடுச்சு. இன்னொரு தடவை இப்படி லெட்டர் வந்தா தொடரை நிறுத்திடுவேன். உன்னை வச்சுக்கிறதா வேண்டாமான்னும் யோசிக்க வேண்டியிருக்கும்."

அன்றைக்கே சார்ஜென்ட்டின் பழைய கடிதங்களை எல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த அத்தியாயத்தை வரிவரியாகத் திருத்தினாள். திருத்திய பக்கங்கள் எழுத்தாளரிடம் போய்த் திரும்பி வந்தன. எல்லாத் திருத்தத்தையும் எழுத்தாளர் ஏற்றுக்கொண்டிருந்தார். இரண்டே இரண்டு இடத்தில் மட்டும் அவள் திருத்தியதை அடித்துவிட்டு, பழைய தப்பையே சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

போன் செய்தால் எடுக்கவில்லை. நேரிலேயே போய்விட்டாள்.

எழுத்தாளருக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை.

"மேடம், காயம்பட்டு ஆஸ்பத்திரியில கிடக்கிற கேப்டன் இடுப்புல துப்பாக்கியோட படுத்திருக்கார். நான் எடுத்தேன். நீங்க திரும்ப வச்சிருக்கீங்க."

"ஆமா."

"தப்புன்னு தெரியுமா?"

"தெரியும்."

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவருக்கு டோக்கன் கொடுத்து அனுப்பிவிட்டு, எழுத்தாளர் குரலைத் தாழ்த்தினார்.

"வாரத்துக்கு ரெண்டே ரெண்டும்மா. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

"எதுக்கு மேடம்?"

"அதைச் சொல்ல முடியாது. ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுதிப் பேர் வாங்கிவிட்டால் இவ்வளவு திமிரா?

"படிக்கிறவங்க எல்லாம் முட்டாள்னு நினைக்கிறீங்களா?"

"அவங்க என்னை முட்டாள்னு நினைச்சுக்கட்டும். எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

"எனக்குக் குறையும். என் வேலை போயிடும்."

எழுத்தாளர் பேனாவை மூடினார்.

"அப்போ உங்க இஷ்டம்மா."

ஐந்து மணிக்கு அச்சுக்குப் போவதற்குள் இரண்டு தப்பையும் எடுத்துவிட்டாள்.

இதழ் வெளியானது. செவ்வாய்க்கிழமை மூன்று முறை தபால் பெட்டியைப் போய்ப் பார்த்தாள். சார்ஜென்ட்டின் கடிதம் வரவில்லை. புதன்கிழமையும் இல்லை.

வியாழக்கிழமை எடிட்டரே அவள் இடத்துக்கு வந்தார்.

"சார்ஜென்ட் வாயை அடைச்சுட்டியே. உன்னை நிரந்தரமாக்குற ஆர்டர் முதலாளி மேஜையில இருக்கு. இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போகட்டும், கையெழுத்தாயிடும்."

நாலு மாதத்தில் முதல் தடவையாக நிம்மதியாகச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது போன் அடித்தது.

"தொடர்கதை பார்க்கிறது நீங்களாம்மா? சார்ஜென்ட் வீட்டுக்காரி பேசறேன்."

அவள் அவசரமாக இதழைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"இந்த வாரமும் ஏதாவது தப்பாங்க?"

"ஒரு தப்புகூட இல்லம்மா. அதனாலதான் கூப்பிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"எழுதுற அம்மாகிட்ட முன்னாடியே கேட்டுக்கிட்டேன். இவருக்குத் தெரிஞ்சா எல்லாம் கெட்டுடும், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு வாக்கும் வாங்கினேன். இனி அவங்க கையில ஒண்ணும் இல்லையாம். உங்ககிட்டயே பேசச் சொன்னாங்க."

"சொல்லுங்கம்மா."

"இவர் சண்டையிலேர்ந்து வந்து மூணு வருஷமாச்சு. வந்ததிலேர்ந்து ஒரு வார்த்தை பேசலை. பிள்ளைங்க கூப்பிட்டாலும் சுவத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் இந்தக் கதையைச் சத்தமா படிச்சிட்டிருந்தேன். 'தப்பு'ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அதுலேர்ந்து வாரத்துல அந்த ஒரு நாள்தான் எங்க வீட்டுல அவர் குரல் கேட்கும்."

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இந்த வாரமும் கடைசி வரி வரைக்கும் படிச்சேன். கேட்டுட்டு அப்படியே சுவர் பக்கம் திரும்பிப் படுத்துட்டார்."

அடுத்த அத்தியாயம் அவள் எதிரே இருந்தது. ஒரு பிழை விடாமல் திருத்தி வைத்திருந்தாள். எடிட்டர் அறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்தாள்.

"எந்த மாதிரி தப்பு வேணும்மா?"

"அவருக்குக் கோபம் வர்ற மாதிரி. கோபம் வந்தாத்தான் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, 'எழுதிக்கோ'ம்பார்."