ஏழாம் கூண்டு முதலாளி

"ஏழாம் கூண்டுக்கு யாரோ திருட்டுத்தனமா தீனி போடறாங்க, மேடம்."

ஆராய்ச்சி மாணவி புகார்க் கடிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"யாரோன்னா?" என்றார் பேராசிரியர்.

"கூண்டு சுத்தம் பண்ற அக்காதான். என்னைத் தவிர அவங்ககிட்டதான் சாவி இருக்கு."

எட்டுக் கூண்டு, எட்டுச் சுண்டெலி. இந்த முறை அவற்றில் ஒன்றுக்கு மட்டும், மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில், ஒரு சிறு கூட்டம் செல்கள் வேலை செய்யாமல் நிறுத்தப்பட்டிருந்தன. எந்த எலிக்கு என்று மாணவிக்கே தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று பேராசிரியர் அதன் எண்ணைக் கவருக்குள் போட்டு ஒட்டி வைத்திருந்தார்.

எல்லா எலிக்கும் ஒரே அளவு தீனி. ஆனாலும் ஐந்தாவது வாரத்தில் ஏழாம் எலி பூசணிக்காயாகிவிட்டது.

"வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு முன்னால முடிவைச் சொல்லணும், மேடம். தீனியில குளறுபடின்னு தெரிஞ்சா மூணு வருஷ உழைப்பும் போச்சு."

அளவுக்கு மேல் தீனி போட்டால் அன்றைக்கே வேலை போய்விடும். அது அங்கே எழுதி ஒட்டிய விதி.

கூப்பிட்டதும் அக்கா வந்தார். நல்ல பருமன். மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"ஏழாவதுக்கு எவ்வளவு தீனி வெக்கறீங்க, அக்கா?" என்று மாணவி கேட்டாள்.

"முதலாளிக்கா? நீங்க எடை போட்டுக் குடுக்கறதைத்தான். மிச்சம் கிடக்கறதையும் நீங்கதானே எடை போடறீங்க."

முதலாளி என்பது அக்கா வைத்த பெயர். மற்ற எலிகள் சக்கரத்தில் ஏறி ஓடிக்கொண்டே இருக்கும். இது மட்டும் மூலையில் உட்கார்ந்து, எல்லாரும் ஒழுங்காக ஓடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

"அப்புறம் எப்படி இப்படிக் கொழுத்துச்சு?"

"சில உடம்பு பச்சைத் தண்ணி குடிச்சாலே ஊதும்மா. என்னையே பாருங்களேன்."

"எல்லாரும் சொல்ற சாக்குதான் அது. வாய் தின்னாம வயிறு வளருமா?"

அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இருபது வருஷமா என் மாமியார் இதையேதான் சொல்றாங்க. நீங்க படிச்சவங்க, வேற ஏதாவது சொல்வீங்கன்னு நெனச்சேன்."

மாணவி புகார்க் கடிதத்தை அக்கா பக்கம் நகர்த்தினாள்.

"நான் போடலை, மேடம்" என்றார் அக்கா. "இந்தச் சம்பளத்துலதான் வீடு ஓடுது. ஒரு எலிக்குப் பரிமாறி அதைக் கெடுத்துக்குவேனா?"

பேராசிரியர் தீனி நோட்டைப் புரட்டினார். வைத்தது, மிஞ்சியது, தின்றது. எட்டு எலிக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்.

"உன் கையெழுத்துதானே? எல்லாம் சரியா இருக்கே."

"அதான் மேடம், நோட்டுல வராமப் போடறாங்க."

"கேமரா இருக்கில்ல?"

"நாலு நாளா உக்காந்து பாத்தேன். ஒண்ணும் தெரியலை. அவ்வளவு சாமர்த்தியமாப் போடறாங்க."

"நான் எலிக்குத் தீனி போடறேனா, வித்தை காட்டறேனா?" என்று அக்கா முணுமுணுத்தார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, அது இருக்கட்டும். வெள்ளிக்கிழமை குழு முன்னால நீ என்ன நிரூபிக்கப் போறே? அக்காவுக்கும் புரியற மாதிரி சொல்லு, பாக்கலாம்."

இதை மாணவி கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். கடகடவென்று ஆரம்பித்தாள்.

"ஹைப்போதலாமஸ்ல இருக்கற அந்த செல்கள் நின்னு போச்சுன்னா, ஓடறது ஆடறது குறைஞ்சு, ஒரு வாய்கூட அதிகமாத் தின்னாமலே…"

குரல் இறங்கியது. அக்காவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"…உடம்பு ஊதும்னு, மேடம்."