ஒட்டுப்பால் துண்டு

புகைக்கொட்டகை வாசல் வெயிலில், இடுக்கியில் இறுக்கிய ஜப்பான் ராணுவத் துப்பாக்கி அசையாமல் கிடக்கிறது. தோட்டத்து பிட்டர் சவரிமுத்து அதன் குழல்வழியே எதிர் ரப்பர் மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணத்தைப் பார்க்கிறார். மேலே மாட்டிய தூரநோக்கியின் சிலுவைக்கோட்டையும் திருகித் திருகி அதே மங்கில் நிறுத்துகிறார். எங்கோ ஒரு ரப்பர் கொட்டை வெடிக்கிறது. "சயாம் ரயில் பாதை போடப் புடிச்சிட்டுப் போயிருவாங்கன்னு பயந்து காட்டுல ஒளிஞ்சவங்களச் சுடத்தான் இது. என் மவனும் அங்கதான் ஒளிஞ்சு கெடக்கான்," என்கிறார் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் மாசிலாமணி. சவரிமுத்து தூரநோக்கியின் பிடிவளையத்துக்கு அடியில், மரப்பட்டையில் உறைந்த ரப்பரான ஒட்டுப்பால் துண்டு ஒன்றைத் திணித்துத் திருகாணியை முடுக்குகிறார். "ரப்பர் நிக்குமாடா?" "ஜப்பான்காரன் சோதிச்சுப் பாக்குற மொதக் குண்டுக்கு நிக்கும்ண்ணே. அப்புறம் அதிர அதிர நழுவி, குறி தப்பிடும்." பூட்ஸ் சத்தம் நெருங்குகிறது. மண்டோர் குனிந்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் நுனியை நகத்தால் உள்ளே தள்ளுகிறார்.