கழுத்தில் நடந்த பாகப்பிரிவினை

செண்பகவல்லியின் கழுத்தில் இடப்பக்கம் இருந்த தசைக்கு இடத்தான் என்று பெயர், வலப்பக்கத்துத் தசைக்கு வலத்தான். இடத்தான் சுருங்கினால் அவள் முகம் வலப்பக்கம் திரும்பும், வலத்தான் சுருங்கினால் இடப்பக்கம் திரும்பும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

ஒருநாள் இடத்தானுக்கு அலுத்துப்போயிற்று. "உன் பக்கத்தைப் பாக்க நான் எதுக்குடா மல்லுக்கட்டணும்? இனிமே அவனவன் பக்கத்தை அவனவன் பாத்துக்குவோம்" என்றான்.

"எனக்கும் அதுதான் நியாயமாப் படுது" என்றான் வலத்தான்.

பாகப்பிரிவினை முடிந்த கையோடு செண்பகவல்லி சாலையைக் கடக்க இறங்கினாள். வலப்பக்கமிருந்து பஸ் ஹாரன் கேட்டது. "வலப்பக்கம் பாருங்கடா" என்று மூளையிலிருந்து நரம்பு ஓடிவந்து கத்தியது. தன் வேலையில்லை என்று இடத்தான் சும்மா இருந்தான். வலத்தான் உயிரைக் கொடுத்து இழுத்தான். முகம் இடப்பக்கம் திரும்பி ஒரு டீக்கடையைப் பார்த்து நின்றது.

ஹாரன் இன்னும் கிட்டத்தில் அலறியது. வலத்தான் இழுக்க இழுக்க முகம் டீக்கடைப் பக்கமே போவதைக் கண்டு இடத்தானுக்குப் பகீரென்றது. "நீ விடுடா" என்று ஒரே இழுப்பாக இழுத்தான். முகம் திரும்பியது. செண்பகவல்லி பஸ்ஸைப் பார்த்தாள், பின்னால் தாவினாள். பஸ்ஸும் கிறீச்சிட்டு நின்றது.

"என் பக்கத்தை நீயே பாத்துக்கோடா" என்றான் வலத்தான்.

"என் பக்கம் உங்கிட்டயே இருக்கட்டும்" என்றான் இடத்தான்.

சொல்லிவிட்ட நிம்மதியில் இருவரும் ஒரே நேரத்தில் சுருங்க, செண்பகவல்லியின் தலை முன்பக்கம் குனிந்தது. தனக்குத்தான் நன்றி சொல்கிறாள் என்று நினைத்து, டிரைவரும் பதிலுக்குத் தலை குனிந்தார்.